கவரிங் சங்கிலியில் ஈயம் இருக்கிறதா?

திருவிழாக் கடையில் வாங்கிய கவரிங் சங்கிலியைத் தன் மகள் ஓயாமல் கடிப்பதாகத் தாமலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நகைக்கடையில் தங்கம் பார்க்கும் மெஷினில் வைத்தால் ஈயம் தெரிந்துவிடுமா என்பது அவர் கேள்வி.

தெரியலாம். ஆனால் ‘இல்லை’ என்று அது காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

அது எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி. காஞ்சிபுரத்தில் ஜரிகையின் வெள்ளியையும் தங்கத்தையும் அளப்பதும் இந்த வகைக் கருவியே. எக்ஸ்ரே பட்டால் அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தெறிக்கும். மேலிருந்து இன்னொன்று அந்த இடத்தில் விழும். விழும்போது இழக்கும் ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளிவரும். கோயில் குளத்துப் படிக்கட்டில் கல் உருள்வதைப் போலத்தான். குளத்துக்குக் குளம் படியின் உயரம் வேறு. சத்தத்தைக் கேட்டே இது சர்வதீர்த்தம், இது அனந்தசரஸ் என்று சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும்! கருவி செய்வது அதைத்தான். ஈயக் குளம் ஆழமானது. அதில் அடியிலிருந்து மூன்றாம் படியிலுள்ள கல் இரண்டாம் படியில் விழும் சத்தம் 10.55 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஆழம் குறைந்த ஆர்சனிக் குளத்திலோ, இரண்டாம் படியிலிருந்து அடிப்படிக்கு விழுவது 10.54. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் விவரமறிந்தவர் ஈயத்தின் இன்னொரு சத்தத்துக்காக, 12.61-க்காக, காத்திருப்பார். ஆர்சனிக் குளத்தில் அந்தச் சத்தம் எழவே எழாது.

தனிமத்துக்குத் தனிமம் இந்த ஆற்றல் ஒழுங்காக மாறுவதை 1913-இல் கண்டவர் ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டில் கலிப்போலி போர்முனையில் இறந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

படிக்கட்டில் பாசி தடித்தால் சத்தம் அமுங்கும். சங்கிலியின் மேல் 20 மைக்ரான் செம்புப் பூச்சு இருந்தாலே ஈயத்தின் குரலில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிவிடும். வெட்டி, உள்முகத்தைக் காட்ட வேண்டும். நகைக்கடைக் கருவி தங்கத்தைச் சதவீதத்தில் எடைபோடப் பழக்கப்பட்டது. அமெரிக்காவில் குழந்தைப் பொருள்களுக்கான ஈய வரம்போ கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.01 சதவீதம். காந்தத்தை வைத்துப் பார்ப்பது பயனற்றது. ஈயம் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ‘ஈயமற்றது’ என்ற ஸ்டிக்கருக்கு, சோதனை அறிக்கை இல்லாதவரை, நான் மதிப்புத் தரமாட்டேன்.

அறிக்கை இருந்தாலும் எந்தச் சோதனை என்று கேளுங்கள். பொம்மைகளுக்கான ஐ.எஸ். 9873 தரத்தில், வயிற்று அமிலம் போன்ற நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, கரைந்து வரும் ஈயத்தை அளக்கிறார்கள். விழுங்கிய பதக்கம் 2 மணி நேரத்தில் வெளியேறிவிடுமா? 2006-இல் மினியாபொலிஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் பதக்கத்தை விழுங்கி இறந்தான். அதில் 99 சதவீதம் ஈயம். வயிற்றிலேயே தங்கிக் கரைந்துகொண்டிருந்தது.

ஆகவே, தாமல் சகோதரிக்கு: சங்கிலியை இன்றே கழற்றிவிடுங்கள். எதையாவது விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தால் மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்று எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று தெரியும். ரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடி அகற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.