தூக்கினால் உதறும் முயலுக்கு முடி சீவுவது எப்படி?

பெருநாள் விடுமுறையில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று முயல் வாங்கிய வீடுகள் நம்மில் உண்டு. ஒரு வாரம் போனதும் புகார் வரும்: "தூக்கினால் உதைக்கிறது, பிராண்டுகிறது, சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது."

இது பிடிவாதம் அல்ல, பயம். பூனையும் நாயும் வேட்டையாடும் இனம். முயலோ வேட்டையாடப்படும் இனம். காட்டில் முயலின் கால்கள் தரையை விட்டு எழும்பினால் அது பருந்தின் பிடியிலோ நரியின் வாயிலோ இருக்கிறது என்று பொருள். நாம் ஆசையாய்த் தூக்கும்போதும் அதன் உடம்புக்குத் தெரிவது அதுதான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. முயலின் எலும்புகள் மிக லேசானவை. பின்னங்கால் தசைகளோ பலமானவை. பிடியிலிருந்து திமிறி ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். பிறகு பின்னங்கால்கள் வராமலே போகலாம். ஆகவே சிறுபிள்ளைகள் முயலைத் தூக்கிக்கொண்டு நடப்பதை அனுமதிக்க வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கிறதே என்பார்கள் சிலர். அது சுகத்தில் கிடக்கவில்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது.

அப்படியானால் சீவாமலே விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும்போது உதிர்ந்த முடியையும் விழுங்குகிறது. பூனையைப் போல வாந்தி எடுக்க அதனால் இயலாது. காய்ந்த புல் நிறையத் தின்றால் முடி குடல் வழியே வெளியேறிவிடும். வாரம் ஒருமுறை சீவினால் போதும். முடி கொட்டும் பருவத்தில் தினமும் சீவ வேண்டும்.

வழி எளிது: முயலைத் தூக்காமல், நாம் தரைக்கு இறங்குவது. மாலையில் தீனி வைப்பதற்குச் சற்று முன், கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்காருங்கள். எங்கள் வீட்டு முயலுக்கு முதல் பத்து நாள் சீப்பைப் பக்கத்தில் போட்டு வைத்ததோடு சரி. முகர்ந்து பார்த்தது, தாடையால் உரசியது. "இது என் பொருள்" என்று முயல் அடையாளம் வைக்கும் விதம் அது. அதன் பிறகுதான் கொத்தமல்லித் தழையை ஒரு கையில் கொடுத்து, மறு கையால் நெற்றியையும் முதுகையும் இரண்டு தடவை சீவினோம். இரண்டே தடவைதான். அது விலகிப் போனால் பின்னால் போகக் கூடாது, பின்னங்காலால் தரையைத் தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மென்மையான பிரஷ் அல்லது ரப்பர் சீப்பு போதும். முயலின் தோல் மெல்லியது, சிக்கை இழுத்தால் கிழிந்துவிடும். வயிற்றுப் பக்கம் கடைசி.

நகம் வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தரையிலேயே துண்டால் முயலைச் சுற்றி அணைத்துக்கொள்ள, மற்றவர் ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து நுனியை மட்டும் வெட்டலாம். நகத்துக்குள் இரத்தநாளம் ஓடுகிறது. கறுப்பு நகமானால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தவறி இரத்தம் வந்தால் கார்ன்ஃபிளார் மாவை வைத்து அழுத்தலாம். நான்கு காலையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்பதில்லை, இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வெட்டினாலும் போதும்.

குளிப்பாட்ட வேண்டாம். நனைந்த முடி லேசில் காயாது, உடம்பு குளிர்ந்துவிடும், அதிர்ச்சியிலேயே இறக்கும் முயல்களும் உண்டு. பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். மழைக்காலத்தில் அங்கே தினமும் ஒரு பார்வை வேண்டும், ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழுவைக் கண்டாலோ, முயல் அரை நாள் எதையும் தின்னாமல் இருந்தாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அப்போதும் கையில் தூக்க வேண்டாம். கூண்டைத் தரையில் திறந்து வைத்து உள்ளே தழையைப் போட்டால் தானாகவே ஏறிக்கொள்ளும்.