அஞ்சனக் காற்று

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபொழுது தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய இடங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல தெருக்கள் சில நாள் இருளில் கிடந்தன. அத்தகைய இருளுக்கு அஞ்சியே இப்பகுதியினர் பலர் இன்வெர்ட்டரும் அதற்குரிய பாட்டரியும் வைத்திருக்கின்றனர். மாடிப்படியின் அடியில், செருப்புகளுக்கும் பழைய நாளிதழ்களுக்கும் இடையே அது வாசஞ்செய்கின்றது. அதினின்று எழக்கூடிய ஸ்டிபைன் என்னும் வாயுவைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

உலோகங்கள் ஹைட்ரஜனோடு கூடி உண்டாகும் ஹைட்ரைடுகள் பெரும்பாலும் திடப்பொருள்களே. சோடியம், கால்சியம் என்பவற்றின் ஹைட்ரைடுகள் உப்பைப் போன்றன. வெள்ளீயமும் ஆன்டிமனியும் இவ்வழக்கிற்குப் புறம்பானவை. அவற்றின் ஹைட்ரைடுகள் வாயுக்களாம். ஆன்டிமனி பாதி உலோகமே என்பாரும் உளர். அவர் கூற்றும் தக்கதே. பண்டையோர் கண்ணுக்குத் தீட்டிய அஞ்சனக்கல் இதுவும் கந்தகமும் கூடியதேயாம்.

மெக்னீசியமும் ஆன்டிமனியும் கூடிய பொருளின்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வார்த்தால் ஸ்டிபைன் வெளிப்படும். அதற்கு நிறமில்லை, நாற்றமோ அழுகிய முட்டையினது. காற்றினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட கனமுடையது. நிலையற்றது, வைத்த கலத்திலேயே மெல்லச் சிதையும். சிதைந்து படியும் ஆன்டிமனியே மேலும் சிதைவை விரைவுபடுத்துவது வியப்பு. சூடேற்றிய கண்ணாடிக் குழாயிற் செலுத்தினால் கரிய கண்ணாடிபோற் படியும்.

இப்படிவு ஒருகால் உயிர்ப்பிரச்சினையாகவும் ஆகக்கூடும். 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் என்பார் பாஷாணத்தைக் கண்டறிய வகுத்த சோதனையிலும் இவ்வாறே கரும்படிவு தோன்றும். ஆன்டிமனி உப்பை வாந்தி மருந்தாக உண்டு இறந்தவனைப் பாஷாணமிட்டுக் கொன்றனர் என்று சாதித்தால், குற்றமற்றவன் தூக்கேறவேண்டியதுதான். சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலே வழக்கைத் தீர்க்கும்: பாஷாணப் படிவு அதிற் கரையும், ஆன்டிமனிப் படிவு கரையாது.

இனிப் பாட்டரிக்கு வருவோம். ஈயம் மென்மையானது, ஆதலின் நீர் ஊற்றும் பாட்டரிகள் பலவற்றின் தகட்டுச் சட்டத்தில் சிறிது ஆன்டிமனி சேர்க்கின்றனர். நாளடைவில் அது நேர்த்தகட்டினின்று கரைந்து எதிர்த்தகட்டிற் படியும். மின்னேற்றம் மிகும்பொழுது அங்கே பிறக்கும் ஹைட்ரஜன் அதனைப் பற்றி ஸ்டிபைனாக்கும். அளவு மிகச் சிறிதே. ஆயினும் இது குருதியின் சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சு. தொழிற்சாலைக் காற்றில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் கூடாதென வரையறுத்துள்ளனர். உடன்வரும் ஹைட்ரஜனோ காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கானால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும்.

கனமான வாயு ஆதலின் தரையிலேயே தங்கும் என்று எண்ணற்க. ஹைட்ரஜனோடும் காற்றோடும் கலந்தே அது பரவும். கதவிட்ட அலமாரியினுள் பாட்டரியை அடைத்தல் தகாது. படியடியே இடமெனில், கீழும் மேலும் காற்றுத் துளைகள் வேண்டும்; நீர் ஊற்றுங்கால் விளக்கேற்றிப் பார்த்தலும் கூடாது.