கினபாலு ஏறுமுன் படிக்க வேண்டிய காகிதங்கள்

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலை, பாறையேற்றம் பழகாதவர்களும் இரண்டே நாளில் உச்சிவரை சென்று திரும்பக்கூடியது என்று பெயர் பெற்றிருப்பதால், வெளிநாட்டுப் பயணிகளைத் தொடர்ந்து ஈர்த்து வருகிறது. அந்தப் பெயர் பொய்யன்று. ஆயினும் நடப்பதற்கு எளிய பாதையை ஆபத்தில்லாத பாதையாக எண்ணிக்கொள்வது பெருந்துன்பத்துக்கு வழி திறந்துவிடும். அத்துன்பத்தைத் தவிர்ப்பதற்கான முடிவுகளில் முக்கியமானவை மலைமீது எடுக்கப்படுபவை அல்ல. பணம் கட்டிப் படிவங்களில் கையெழுத்திடும் நாளிலேயே எடுக்கப்பட வேண்டியவை.

அனுமதிச்சீட்டும், மலாய் மொழியில் மாலிம் குனோங் எனப்படும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இன்றி உச்சிக்குச் செல்ல இங்கு எவருக்கும் அனுமதியில்லை. 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலில் தொடங்கி, ஆறு கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள பனாலாபானில் தங்கி, நள்ளிரவுக்குப் பின் மீண்டும் புறப்பட்டு விடியலில் உச்சியை அடைவதே வழக்கமான திட்டம். மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதியாயிருக்க, கடலோர நகரமான கோத்தா கினபாலுவில் ஓர் இரவும் பனாலாபானில் மறு இரவும் உறங்குபவரின் உடலுக்கு உயரத்தோடு இணங்கிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதமே என்பதால், தலைவலி, குமட்டல், தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை தோன்றக்கூடும். இதுவே உயர நோய். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளமாகவும், நடை தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் மூளை வீக்கத்தின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். இந்நிலையில் உடனே கீழே இறங்குவதே உயிர்காக்கும் சிகிச்சை. மருத்துவரின் ஆலோசனையோடு முன்கூட்டியே உட்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை நோய் வராமல் தடுக்க உதவுமேயன்றி, நோய் முற்றிய நிலையில் இறங்காமலிருப்பதற்குச் சாக்காகாது.

வெப்பமண்டலம் என்ற சொல் தரும் மயக்கம் மற்றோர் ஆபத்து. உச்சிப்பகுதியில் விடியலுக்கு முன் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். நனைந்த பருத்தி ஆடையோடு காற்றில் நிற்பவரின் உடல்வெப்பம் விரைவில் சரியும். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி இருக்கும் பகுதியிலிருந்து மரங்கள் ஒழிந்து, வெறும் கருங்கல் சரிவும், அதில் வழிகாட்டக் கிடத்தப்பட்ட தடித்த வெள்ளைக் கயிறும் மட்டுமே எஞ்சுகின்றன. மழை பெய்தால் அச்சரிவெங்கும் நீர் தகடாக வழியும்; காலணி பற்றாது, கயிறும் விறைத்த விரல்களில் நழுவும். மழையோ காற்றோ கடுத்தால் வழிகாட்டிகள் இங்கேயே திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

2015 ஜூன் 5 அன்று காலை 6.0 அளவிலான நிலநடுக்கம் இம்மலையைத் தாக்கியபோது, சிங்கப்பூர் பள்ளி மாணவர்களும் மலை வழிகாட்டிகளும் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டனர். மூடுபனியால் ஹெலிகாப்டர் மீட்பு தடைப்பட, உள்ளூர் வழிகாட்டிகளே அவர்களைக் கீழே அழைத்துவந்தனர். மேகம் சூழ்ந்த மலையில் ஹெலிகாப்டரை நம்பியிருக்க இயலாது என்பதற்கும், பயணியின் உயிர் இறுதியில் சபாவின் கடசான்-டூசுன் பழங்குடியினரின் ஊர்களைச் சேர்ந்த இம்மனிதர்களின் கால்களையும் தோள்களையும் நம்பியே இருக்கிறது என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே, திரும்பச் சொல்லும் வழிகாட்டியோடு கட்டிய பணத்தைக் காட்டி வாதிடுவது முறையன்று. பணத்துக்கான வழக்கு வேறு, அதற்கான இடமும் வேறு; உடல் ஒத்துழைக்காதபோது யாருடைய வற்புறுத்தலுக்கும் பணியாமல் திரும்பிவிடுவது மலையேறுபவரின் முதல் உரிமை.

காகிதங்களுள் முதலில் படிக்க வேண்டியது காப்பீட்டு பாலிசி. பல பயணக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளை விலக்கிவிடுகின்றன. சில, குறிப்பிட்ட உயரம் வரையிலான நடைப்பயணத்தை மட்டும் ஏற்கின்றன. பாலிசியின் வரம்பு 4,000 மீட்டர் என்றிருந்தால் கினபாலுவின் கடைசி 95 மீட்டர் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. பாறையில் பதித்த இரும்புப் படிகளையும் கம்பி வடத்தையும் இடுப்புப் பட்டையோடு பற்றிச் செல்லும் வியா ஃபெராட்டா பாதையும் இம்மலையில் உண்டு. சாதாரண நடைப்பயணத்தை ஏற்கும் பாலிசி, கருவி சார்ந்த இதனை ஏற்காமல் போகலாம். மீட்புச் செலவும் தாயகம் கொண்டுசேர்க்கும் செலவும் அடங்கியுள்ளனவா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்தது, விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒப்புக்கொள்ளும் பொறுப்புத் துறப்புப் படிவம். இதில் கையெழுத்திட்டதும் எல்லா உரிமையும் போய்விட்டதாகப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தேவையற்றது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செயல்பட வேண்டும் என்கிறது. அலட்சியத்துக்கான பொறுப்பைத் தகுந்த காரணமின்றி விலக்கும் ஒப்பந்த விதியை நியாயமற்றதாகக் கருதவும் இடமளிக்கிறது. சொன்ன அறை கிடைக்காமை, வழிகாட்டி வராமை போன்ற குறைகளுக்கு, அச்சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே உரிமை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். ஆனால் உடற்காயமும் உயிரிழப்பும் அதன் வரம்பில் வாரா. அவற்றுக்கு நீதிமன்றமே வழி. இந்த வேறுபாட்டை அறியாமல் தீர்ப்பாயத்தில் காலத்தை இழப்பது, ஏற்கெனவே இழப்பில் இருக்கும் குடும்பத்துக்கு மேலும் ஓர் அநீதி.

இந்தியாவிலுள்ள முகவரிடம் பதிவு செய்தவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். இழப்பீட்டை மறுத்த இந்தியக் காப்பீட்டு நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் செய்து, அது புகாரை நிராகரித்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, கட்டணமின்றி இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. மலேசியாவின் அவசர உதவி எண் 999. இந்தியக் குடிமக்கள் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தின் உதவியையும் நாடலாம். எந்த முறையீட்டுக்கும் பணம் செலுத்திய ரசீது, முகவரின் குறுஞ்செய்திகள், பூங்கா அனுமதிச்சீட்டு, வழிகாட்டியின் பெயர், சபா மருத்துவமனை தந்த அறிக்கை ஆகியவையே ஆதாரம். ஊர் திரும்பியபின் இவற்றைத் திரட்டுவது மிகக் கடினம் என்பதால், கோத்தா கினபாலுவிலிருந்து விமானம் ஏறுமுன்பே அனைத்தையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.