வீட்டு உரிமையாளரின் கடனும் குடியிருப்போரின் உரிமையும்

சில ஆண்டுகளுக்கு முன், கடன் தவறிய ஒருவரின் வீட்டுக் கதவில் வங்கியின் சுவாதீன அறிவிப்பை ஒட்டச் சென்றிருந்தேன். கதவைத் திறந்தவர் கடன் வாங்கியவர் அல்லர். அங்கே குடியிருந்த முதிய அம்மையார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தத்தை எடுத்துவந்து காட்டினார். மறைந்த கணவரின் பணிக்கொடையிலிருந்து எட்டு லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, மூன்றாண்டுகளுக்கு மாத வாடகையின்றிக் குடியேறியிருந்தார். அவ்வீடு அதற்கு முன்பே அடமானத்தில் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தார்.

சென்னையிலும் பெங்களூரிலும் ‘லீஸ்’ என்றும், மும்பையில் ‘ஹெவி டெபாசிட்’ என்றும் வழங்கும் இம்முறையில் குடியேறுவோர் பலர். அவர்களுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு, பெரும்பாலும் இரண்டைப் பொறுத்தது: ஒப்பந்தத்தின் தேதி, அதன் பதிவு.

2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வாராக்கடனான கணக்கில் வங்கி முதலில் 60 நாள் அவகாசத்துடன் கோரிக்கை அறிவிப்பு அனுப்புகிறது. இது கடனாளிக்குச் செல்வது. குடியிருப்பவர் அறியாமலே அந்நாள்கள் கழிந்துவிடக்கூடும். பணம் செலுத்தப்படாவிடில் சுவாதீன அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டு, நாளிதழ்களிலும் வெளியாகும்.

எனினும், அடமானத்துக்கு முன்பே முறைப்படி ஏற்பட்ட குத்தகையை வங்கி புறந்தள்ள இயலாது என்று 2014இல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தையோ வாய்மொழியையோ மட்டும் நம்புபவர் ஓராண்டுக்கு மேல் உரிமை கோர முடியாது என்பதை 2019இல் பஜரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கு உறுதிப்படுத்தியது.

அடமானத்துக்குப் பின் ஏற்பட்ட குத்தகையின் நிலை இன்னும் மெலிந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 65அ பிரிவு, அடமானம் வைத்தவர் கட்டடத்தைக் குத்தகைக்கு விட அனுமதிக்கிறது; ஆனால் காலம் மூன்றாண்டுகளைத் தாண்டலாகாது, நியாயமான முழு வாடகை பெறப்பட வேண்டும், முன்பணமாக வாடகை பெறலாகாது. மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வாடகையே வாங்காத ‘லீஸ்’ இதற்குள் அடங்குவது அரிது. போதாக்குறைக்கு, வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவின்றி வாடகைக்கு விடக் கூடாது என்னும் நிபந்தனை அடமானப் பத்திரங்களில் வழக்கமாகவே இருக்கும்.

கொடுத்த முன்பணம் என்னவாகும்? ஏலத்தொகை முதலில் செலவுகளுக்கும் பின்னர் வங்கிக் கடனுக்கும் செல்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு வீட்டு உரிமையாளருடையதே, வங்கியுடையதன்று. கடனையே கட்ட இயலாத ஒருவரிடமிருந்து அதை மீட்பது எளிதா என்பதை வாசகர்களே அறிவர்.

ஆகவே பணம் கைமாறுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். உரிமை ஆவணத்தை வைத்துப் பெற்ற கடன் எல்லா மாநிலங்களிலும் அதில் தெரியும் என்று சொல்வதற்கில்லை. பொதுமக்களும் தேடிப்பார்க்கக்கூடிய செர்சாய் மத்தியப் பதிவேட்டையும் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கேட்டால் உரிமையாளர் நகலையே நீட்டுகிறாரா? மூலம் ஏதேனும் வங்கியில் இருக்கலாம். கடன் இருப்பது தெரிந்தும் குடியேற விரும்பினால், அவ்வங்கியின் இசைவுக் கடிதத்தைக் கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவுக்குத் தயங்கி எட்டு லட்சத்தை ஒரு முத்திரைத்தாளிடம் ஒப்படைப்பது எனக்கு இன்றும் விளங்காத சிக்கனம்.

கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டுவிட்டதா? அப்போதும் வழியுண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்பவரும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் தம் உரிமையை எடுத்துரைக்கலாம். விண்ணப்பிக்க 45 நாள்களே உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இத்தீர்ப்பாயங்கள் உள்ளன. வாடகை ரசீது, மின்கட்டண அட்டை, வங்கிப் பரிமாற்றக் குறிப்பு என, எப்போதிருந்து குடியிருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் எதையும் தவறவிடாதீர்கள்.

அந்த அம்மையார் ஏலத்துக்கு முன்பே மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டார். எட்டு லட்சத்துக்காக உரிமையாளர் மீது அவர் தொடுத்த உரிமையியல் வழக்கு இன்னும் நடக்கிறது.