பின்னணிப் படிமத்திற்கேற்ப உறுப்பின் அளவை அமைத்தல்

பின்னணிப் படிமத்திற்கேற்ப உறுப்பின் அளவை அமைத்தல் என்பது, வலைப்பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பின் அகலத்தையும் உயரத்தையும் அதன் பின்னணியாக இடப்பட்ட படிமத்தின் அளவோடு பொருந்தச் செய்யும் வடிவமைப்பு முறையாகும். சிஎஸ்எஸ் எனச் சுருக்கமாக வழங்கப்படும் விழுத்தொடர் பாணித்தாள் மொழியில் இதற்கெனத் தனிக் கட்டளை எதுவும் இல்லை. ஆகவே வலை வடிவமைப்பாளர்கள் காலந்தோறும் வெவ்வேறு உத்திகளைக் கையாண்டு வந்துள்ளனர்.

சிக்கலின் தன்மை

எச்டிஎம்எல் மொழியின் 'இமேஜ்' உறுப்பு வழியாக ஒரு படிமம் இடப்படும்போது, உலாவி அப்படிமத்தின் இயல்பான அளவை அறிந்து அதற்கேற்ற இடத்தைப் பக்கத்தில் ஒதுக்குகிறது. பின்னணிப் படிமம் அத்தகையது அன்று. அது உறுப்பின் மேல் பூசப்படும் வண்ணத்தைப் போன்றது. உறுப்பின் அளவை அதன் உள்ளடக்கமும், வடிவமைப்பாளர் குறிப்பிடும் அளவுகளுமே தீர்மானிக்கின்றன. பின்னணிக்கு அதில் பங்கில்லை. இதனால், உள்ளடக்கம் ஏதுமற்ற ஒரு பெட்டிக்குப் பின்னணிப் படிமம் மட்டும் கொடுக்கப்பட்டால், அப்பெட்டியின் உயரம் சுழியாகி, படிமம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பெட்டி படிமத்தைவிடச் சிறியதாயின் படிமத்தின் ஒரு பகுதி வெட்டுப்படும். பெரியதாயின் படிமம் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுத் தோன்றும். படிமத்தைத் திரும்ப அடுக்குவதே இயல்பிருப்பு நடத்தை என்பது இதற்குக் காரணம்.

வரலாறு

பின்னணிப் படிமத்தை இடும் வசதி, உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளியிட்ட சிஎஸ்எஸ் முதல் நிலையிலேயே இருந்தது. ஆனால் படிமத்தின் அளவை மாற்றும் வசதி அதில் இல்லை. படிமம் மாறாதது என்பதால், பெட்டியே படிமத்திற்கு ஏற்ப அமைய வேண்டியிருந்தது.

2003, 2004 ஆண்டுகளில் இத்தேவையிலிருந்து மூன்று உத்திகள் பரவலாயின.

படிமப் பதிலீடு: தலைப்பின் உரையை மறைத்து, அழகிய எழுத்துருவில் வரையப்பட்ட படிமத்தைப் பின்னணியாக இட்டு, தலைப்பின் பெட்டியைப் படிமத்தின் அளவுக்கே அமைக்கும் முறை. டாட் ஃபார்னரின் பெயரால் அறியப்பட்ட தொடக்க வடிவம் உரையை முற்றிலும் மறைத்ததால், பல திரைபடிப்பான்கள் அதை வாசிக்காமல் விட்டன. பார்வையற்ற பயனர்களுக்குத் தலைப்பே இல்லாமல் போனது. பின்னர் உரையைத் திரைக்கு வெளியே நகர்த்தும் மாற்று வடிவங்கள் வந்தன.

நகரும் கதவுகள்: டக்ளசு போமன் 2003 இல் விளக்கிய முறை. ஒரு தத்தலின் இடப்புறத்திற்கும் வலப்புறத்திற்கும் தனித்தனிப் படிமங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படும். உரை நீளும்போது பெட்டி விரிந்து, பெரிய படிமத்தின் மறைந்திருந்த பகுதி வெளிப்படும்.

படிமத் தொகுப்பு: டேவ் சியா 2004 இல் விளக்கிய முறை. பல சிறு படவுருக்களை ஒரே கோப்பில் வைத்து, தேவையான பகுதியை மட்டும் காட்டுவது. பெட்டி படவுருவைவிடச் சற்றே பெரிதானாலும் அடுத்த படவுருவின் ஓரம் எட்டிப்பார்க்கும் என்பதால், இங்கு அளவு துல்லியமாக இருத்தல் இன்றியமையாதது.

பெட்டி மாதிரியும் கணக்கீடும்

சிஎஸ்எஸ் பெட்டி மாதிரியில் 'அகலம்' என்பது இயல்பாக உள்ளடக்கத்தின் அகலத்தையே குறிக்கும். உள்ளிடைவெளியும் கரைக்கோடும் அதனுடன் கூடுதலாகச் சேரும். பின்னணிப் படிமமோ உள்ளிடைவெளிப் பகுதியின் மேல் இடது மூலையிலிருந்து இடப்படுகிறது. எனவே படிமத்தோடு பொருந்த வேண்டியது உள்ளடக்கமும் உள்ளிடைவெளியும் சேர்ந்த அளவாகும்.

எடுத்துக்காட்டாக, படிமம் 300 படவணு அகலமும் 120 படவணு உயரமும் கொண்டது எனக் கொள்வோம். இடமும் வலமும் 20 படவணுக்கள், மேலும் கீழும் 10 படவணுக்கள் உள்ளிடைவெளி தேவையெனில், பெட்டியின் அகலத்தை 260 எனவும் உயரத்தை 100 எனவும் குறிப்பிட வேண்டும்.

விண்டோசில் இயங்கிய இன்டர்நெட் எக்சுப்புளோரர் 5 உலாவி, உள்ளிடைவெளியையும் அகலத்திற்குள்ளேயே அடக்கிக் கணக்கிட்டது. அதில் மேற்கண்ட பெட்டி 260 படவணு அகலமே பெற்று, படிமத்தின் வலப்புறம் 40 படவணுக்கள் வெட்டுப்பட்டன. 2001 இல் வெளிவந்த 6 ஆம் பதிப்பு, சீர்தர முறைமையில் இதைத் திருத்தியது. எனினும் அப்பழைய கணக்கீட்டு முறையும் பயனுள்ளது என உணரப்பட்டு, 'பாக்ஸ்-சைஸிங்' என்னும் பண்பின் வழியாகப் பின்னாளில் சீர்தரத்தில் இடம்பெற்றது.

விகித முறை

திரையின் அகலத்திற்கேற்ப விரிந்து சுருங்கும் பக்கங்களில் நிலையான அளவுகள் பயன்படா. அங்கு காக்கப்பட வேண்டியது அகலத்திற்கும் உயரத்திற்கும் இடையேயான விகிதமே.

விழுக்காட்டில் தரப்படும் உள்ளிடைவெளி, மேலும் கீழும் இடப்படும்போதுகூட, தாங்கு பெட்டியின் அகலத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 1200க்கு 800 என்னும் அளவுடைய படிமத்தின் உயரம் அதன் அகலத்தில் 66.67 விழுக்காடு. தாங்கு பெட்டியின் முழு அகலத்தையும் கொண்ட உறுப்புக்கு உயரம் சுழியாகவும் கீழ் உள்ளிடைவெளி 66.67 விழுக்காடாகவும் கொடுத்தால், 600 படவணு அகலத்தில் 400 உம், 300 படவணு அகலத்தில் 200 உம் உயரமாக அமையும். உள்ளே உரை இருப்பின் அதைத் தனியே நிலைநிறுத்த வேண்டும் என்பது இம்முறையின் குறை.

'ஆஸ்பெக்ட்-ரேஷியோ' என்னும் பண்பு இவ்விகிதத்தை நேரடியாகக் குறிப்பிட வழிசெய்கிறது. குரோம், பயர்பாக்சு, சபாரி ஆகிய உலாவிகள் மூன்றும் 2021 இல் இதற்கு ஆதரவளித்தன. உள்ளடக்கம் மிகும்போது பெட்டி தானாகவே உயர்வது இதன் கூடுதல் நன்மை.

படிமத்தை உறுப்பிற்கேற்ப மாற்றுதல்

சிஎஸ்எஸ் மூன்றாம் நிலையில் வந்த 'பேக்கிரவுண்ட்-சைஸ்' பண்பு, மறுதலையான தீர்வை வழங்குகிறது. இதில் இரு சிறப்பு மதிப்புகள் உள்ளன. 'கன்டெய்ன்' முழுப் படிமத்தையும் பெட்டிக்குள் அடக்குகிறது. 'கவர்' பெட்டி முழுவதையும் படிமத்தால் மூடுகிறது. 1200க்கு 800 அளவுள்ள படிமத்தை 400க்கு 400 பெட்டியில் இட்டால், முதல் முறையில் படிமம் 400க்கு 267 ஆகச் சுருங்கி 133 படவணு உயரம் எஞ்சும். இரண்டாம் முறையில் 600க்கு 400 ஆகி, அகலத்தில் 200 படவணுக்கள் வெட்டுப்படும். இரண்டிலும் விகிதம் சிதைவதில்லை.

அணுக்கத்தன்மை

பெட்டியின் உயரம் படிமத்தின் அளவில் நிலைநிறுத்தப்பட்டால், பயனர் எழுத்தைப் பெரிதாக்கும்போது உரை பெட்டிக்கு வெளியே வழியும் அல்லது மறைந்துவிடும். வேற்றுமொழியில் பெயர்க்கப்பட்டு உரை நீளும் போதும் இதுவே நேரும். 2008 இல் வெளியான வலை உள்ளடக்க அணுக்க வழிகாட்டிகளின் 2.0 பதிப்பு, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் இழக்கப்படாதிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உரையுள்ள பெட்டிகளுக்கு உயரத்திற்கு மாறாகக் குறைந்தபட்ச உயரத்தைக் குறிப்பிடுவதே பொருத்தமானது.

பின்னணிப் படிமத்திற்கு மாற்றுரை தர இயலாது. பொதுவாக அச்சிடும்போதும் உலாவிகள் பின்னணியை விட்டுவிடுகின்றன. எனவே வரைபடம், விளக்கப்படம் போன்று பொருளுணர்த்தும் படிமங்களை 'இமேஜ்' உறுப்பாகவே இடுதல் வேண்டும். பின்னணிப் படிமம் அலங்காரத்திற்கு மட்டுமே உரியது. 'இமேஜ்' உறுப்பாக இடப்படும்போது அளவுச் சிக்கலும் எழுவதில்லை.

இவற்றையும் பார்க்க

விழுத்தொடர் பாணித்தாள்
எச்டிஎம்எல்
வலை அணுக்கத்தன்மை