ஈரக் காற்றில் ஒரு பொட்டலம் தேயிலை

பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் முதலில் செய்யும் வேலை, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது. கால் தரையில் படுவதற்குள் அது வெள்ளையாக மங்கிவிடும். வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியும். பனிநிலை என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் 22 டிகிரி விடுதி அறையில் இரவெல்லாம் கிடந்த தேயிலைப் பொட்டலத்தை வெளியே கொண்டுவந்த கையோடு பிரித்தால், அதே நீர் இலையின் மேல் இறங்கும். அதைத் துடைக்க வழியில்லை.

ஆலையை விட்டு வரும் தேயிலையில் ஈரம் மூன்று நான்கு சதவீதம்தான். அவ்வளவு உலர்ந்த பொருள் சும்மா இருக்காது; சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏழு சதவீதத்தைத் தாண்டினால் மணம் மங்கும், சுவை சப்பென்று ஆகும், இன்னும் போனால் பூஞ்சை பிடிக்கும். பினாங்கிலோ ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பயணத்துக்கு எடுத்துவரும் உதிரித் தேயிலைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேண்டியதில்லை.

பரீட்சையின் இரண்டாவது தாள், வாசனை. லிட்டில் இந்தியாவின் லெபோ பாசாரில் நடந்தால் ஏலமும் பட்டையும் மல்லிகைச் சரமும் ஒன்றாக மூக்கில் ஏறும். ஊர் திரும்புகிறவர்கள் பினாங்கு ஜாதிக்காயும், இறால் ஊறலில் செய்த பெலாச்சானும் வாங்கிப் பெட்டியில் திணிப்பார்கள். பக்கத்தில் தேயிலை இருந்தால் கதை முடிந்தது. எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட உலர் இலை, மிதக்கும் மண மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குணத்தை நம்பித்தான் சீனர்கள் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து வைத்து மல்லிகைத் தேநீர் செய்கிறார்கள். மல்லிகைக்குத் திறக்கும் கதவு பெலாச்சானுக்கும் திறக்கும்.

ஆனால் எல்லாத் தேயிலைக்கும் ஈரம் எமன் இல்லை. சீனாவின் குவாங்சி மாநிலத்து லியூ பாவ் தேயிலை ஈரத்தில்தான் பக்குவமாகிறது. மூங்கில் கூடைகளில் அழுத்திக் கட்டிய இந்தக் கறுப்பு இலை, 19ஆம் நூற்றாண்டில் பேராக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்த சீனத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறியது. ஆலையிலேயே ஈரமாக்கிக் குவித்து நொதிக்க விடுவதால், அதில் நுண்ணுயிர்களின் வேலை தொடர்கிறது. மலேசியாவின் வெப்பமும் ஈரமும் அந்த வேலையை மெதுவாக நடத்த, ஆண்டுகள் போகப்போகக் கரகரப்பு குறைந்து மண்வாசனை கூடும். நீலகிரி இலையைக் கொல்லும் காற்று, லியூ பாவுக்கு வயதும் விலையும் சேர்க்கிறது. அதைக் காற்றுப்புகாத பையில் இறுக அடைத்தால்தான் பிழை.

தேயிலை என்ற சொல்லே பினாங்கின் சீனர்கள் பேசும் மொழியிலிருந்து வந்ததுதான். ஹொக்கியன் மொழியில் அதன் பெயர் 'தே'. மலாய்க்காரர்களின் 'தே', ஆங்கிலேயரின் 'டீ', தமிழரின் தேநீர், இலங்கையின் தேத்தண்ணி எல்லாம் அந்த ஓரெழுத்தின் பிள்ளைகள்.

அந்தத் 'தே'யைப் பினாங்கில் ஊரறியச் செய்தவர்களில் தமிழ் முஸ்லிம்களுக்குத் தனி இடம் உண்டு. இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்தவர்களின் கடைக்கு மாமாக் கடை என்று பெயர் வந்ததே நம் 'மாமா'விலிருந்துதான். அங்கே தே தாரேக் என்னும் நுரைத்த பால் தேநீர் போடுகிறவர் முழு இலையைத் தொடுவதில்லை; தூள்தான். காரணம் கணக்கு. இலையைப் பொடியாக்கினால் நீர் தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, சாறு விரைவாக இறங்குகிறது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஐந்து நிமிடம் ஊறவைக்க முடியுமா? நீண்ட துணி வடிகட்டியில் கொதிநீரை ஊற்றி, கடுங்கறுப்பாக இறக்கி, டின்பாலைச் சேர்த்து, கை நீளத்துக்கு ஆத்துவார். பாலிலுள்ள கேசீன் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு நாக்கைக் காப்பாற்றும். ஆத்தும்போது புகும் காற்றை அதே பால்புரதம் நுரையாகப் பிடித்து வைக்கும்.

முழு இலையோடு பயணம் செய்கிறவர் இந்தக் கடையிலிருந்து ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளலாம். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி வெந்நீர் போதும். கொதிநீர் பட்டால் கசந்துவிடும். விடுதி அறைக் கெட்டிலுக்குக் கொதிக்க வைக்க மட்டுமே தெரியும். வெப்பமானியும் வேண்டாம். ஒரு குளிர்ந்த கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஊற்றினால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். மாமாக் கடையில் தேநீரை ஆத்துகிறார்கள். பச்சைத் தேயிலைக்குத் தண்ணீரை மட்டும் ஆத்தினால் சரி.

கறுப்புத் தேயிலையின் கதை நேர்மாறு, அதற்குக் கொதிநீரே வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை உச்சியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேமரன் மலையின் தானா ராத்தாவில் 95, ஊட்டியில் 92 அல்லது 93. விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் ஊட்டியின் அளவுக்கே இருக்கும். வானத்தில் தேநீர் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே கூடுதலாக ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும்.

ஊறவைக்கப் பெரிய சாமான் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையும் நீண்ட இலையும் இருந்தால் போதும். வெந்நீர் பட்டதும் மேலே மிதக்கும் இலை, நீரை உறிஞ்சிக் கனத்து, மூன்று நான்கு நிமிடத்தில் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். பிறகு வடிகட்டியோ தேநீர்ப் பையோ இல்லாமல் மேலிருந்து பருகலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2019இல் செய்த ஆய்வில், ஒரே ஒரு பிளாஸ்டிக் தேநீர்ப் பை 95 டிகிரி நீரில் கோடிக்கணக்கான நுண்துகள்களை உதிர்த்ததாகக் கண்டார்கள். அந்த எண்ணிக்கையைப் பற்றிப் பின்னர் விவாதம் எழுந்தாலும், உதிரி இலைக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை.

பிளாஸ்கில் தேநீரைப் போட்டு எடுத்துப்போவதுதான் பலர் செய்யும் தவறு. இலை உள்ளேயே கிடந்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். வடிகட்டி ஊற்றினாலும் வெப்பத்தில் நிறம் கறுத்து மணம் போகும். பிளாஸ்கில் வெந்நீர், பையில் இலை என்று பிரித்து வைப்பதே முறை. பல விமான நிலையங்களின் சோதனையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் போகாது என்பதால், காலி பிளாஸ்கோடு உள்ளே போய்ப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். வெயிலுக்குக் குளிர்ந்த தேநீர் வேண்டுமென்றால், ஒரு லிட்டர் குடிநீரில் 10 கிராம் இலையைப் போட்டு இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பினாங்கின் அறை வெப்பத்தில் வெளியே வைத்தால் இலையோடு நுண்ணுயிர்களும் ஊறும்.

இனிக் கட்டும் முறை. மலாயில் 'காட்டி' என்பது ஏறக்குறைய 600 கிராம் எடை. ஆங்கிலேயர் தேயிலைச் சிமிழுக்கு வைத்த 'கேடி' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கோப்பைக்கு 2 கிராம் என்றால் ஒரு காட்டியில் 300 கோப்பை. நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து மாதம் குடிக்கலாம். ஒரு வாரப் பயணத்துக்கு 28 கிராம் போதும். அதை ஒளி புகாத அலுமினியப் பூச்சுப் பைகளில் நாளுக்கொன்றாக ஏழு பொட்டலமாக்குங்கள். குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் பிரிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். பெலாச்சானை வேறு பெட்டியில் வையுங்கள்.