உங்களுக்குத் தெரியுமா? கடிவாளம் தங்குமிடம்

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு தங்குவது அங்கேதான். எலும்பின்மேல் மெல்லிய ஈறு. வாரை வெடுக்கென்று இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

நடக்கும்போதும் கேண்டர் பாய்ச்சலிலும் குதிரை தலையை ஆட்டும். சவாரி செய்பவரின் முழங்கை அதற்கேற்ப நீண்டு மடங்கினால் வார் தொய்யாது, விறைக்காது. டிராட் ஓட்டத்தில் தலை அவ்வளவாக அசையாது. கையும் அசையக் கூடாது. புதியவர்கள் திண்டாடுவது இங்கேதான், உடம்போடு கையும் குலுங்கிவிடும்.

குதிரை இணங்கிய கணமே பிடியைத் தளர்த்த வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தளபதி செனபோன் தம் குதிரையேற்ற நூலில் இதைச் சொல்லிவிட்டார். அதே நூலில் வழவழப்பான கடிவாளத்தோடு முள் வைத்த ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னது வேறு கதை!